வால்வு பொருந்திவிட்டது, ஆயில் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: ஐயா, கோவை குறிச்சி சிட்கோ பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்து 25 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருக்கிறது. புஷ் ஏற்றுவது, பேரிங் ஏற்றி இறக்குவது, கொஞ்சம் வளைக்கிற வேலை, இவ்வளவுதான். பம்ப் நிமிடத்துக்கு 16 லிட்டர், மோட்டார் 7.5 ஹெச்பி, டேங்க் 100 லிட்டர். பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுகிற ரிலீஃப் வால்வை 150 பாரில் வைத்திருக்கிறோம். ரேமை (அழுத்துகிற தண்டு) ஏற்றி இறக்குகிற சொலினாய்டு வால்வில், அதாவது கரண்ட் காயிலால் நகர்கிற வால்வில், ஏறுகிற பக்கத்துக் காயில் ஒரே வருஷத்தில் மூன்று முறை எரிந்துவிட்டது. வால்வே போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். கடைக்காரர் சைஸும் வோல்ட்டும் ஒன்றுதான் என்றார். பழைய வால்வில் டிஎஸ்ஜி-01-3சி60-ஏ240 என்றும், புதியதில் டிஎஸ்ஜி-01-3சி2-ஏ240 என்றும் இருக்கிறது. போல்ட் நான்கும் கச்சிதமாகப் பொருந்தின. ரேம் ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் இரண்டு வாரமாக ஒரு மணி நேரம் ஓட்டினாலே டேங்கில் கை வைக்க முடியவில்லை. சும்மா நிற்கும்போதும் மோட்டார் முனகுகிறது, கேஜ் முள் 150லேயே நிற்கிறது. மெக்கானிக் ஒருவர் ரிலீஃபைக் குறைக்கச் சொல்கிறார். இன்னொருவர் பம்ப் போய்விட்டது என்கிறார். அப்பா டேங்க் மூடிமேல் சிவப்பு பெயிண்டில் ‘60’ என்று எழுதி வைத்திருக்கிறார், அது டிகிரியா டன்னா என்று கேட்க அவர் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்? இனிமேல் வால்வு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்தச் சிவப்பு பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் பிரஸ்ஸை நேரில் பார்க்கவில்லை. ஆனால் பிரஸ் 25 டன், எனவே 60 டன்னாக இருக்க முடியாது. பழைய வால்வின் நம்பரை மறுபடி படித்துப் பாருங்கள். 3சி60. உங்கள் அப்பா ஸ்பூல் நம்பரை, அதாவது வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் வழியை மாற்றுகிற தண்டின் நம்பரைத்தான் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வால்வு மாற்றுகிறவன் என்றைக்காவது தப்பான ஸ்பூலை மாட்டிவிடுவான் என்று தெரிந்தவர் செய்கிற வேலை அது.

பம்ப் போகவில்லை. புதிய வால்வும் கெட்ட வால்வு இல்லை, உங்கள் பிரஸ்ஸுக்கு ஆகாத வால்வு. அதைக் கழற்றுங்கள். அதுவரை ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் மோட்டாரை நிறுத்தி வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வால்வின் அடியில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று பம்பிலிருந்து வருவது, ஒன்று டேங்குக்குப் போவது, மற்ற இரண்டும் சிலிண்டரின் மேலும் கீழும் போவது. உள்ளே ஸ்பூல் ஒரு பக்கம் நகர்ந்தால் ரேம் இறங்குகிறது, மறுபக்கம் நகர்ந்தால் ஏறுகிறது. இதில் உங்கள் இரண்டு வால்வுக்கும் வித்தியாசமே கிடையாது. அதனால்தான் மாட்டியதும் எல்லாம் சரியாக ஓடியது போலத் தெரிந்தது. வித்தியாசம் எந்தக் காயிலுக்கும் கரண்ட் இல்லாமல் ஸ்பூல் நடுவில் நிற்கிற நேரத்தில் இருக்கிறது.

நம்பரைப் பிரித்துப் படித்தால் புரியும். 01 என்பது வால்வின் சைஸ். 3 என்றால் மூன்று நிலை. சி என்றால் கரண்ட் போனதும் ஸ்பிரிங் ஸ்பூலை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அடுத்து வருகிற எண், நடுவில் நிற்கும்போது எந்த வழி எதோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. 60 என்றால் பம்ப் வழி டேங்க் வழியோடு சேர்ந்திருக்கும், சிலிண்டர் வழி இரண்டும் அடைத்திருக்கும். பம்ப் தள்ளுகிற ஆயில் எந்தச் சிரமமும் இல்லாமல் வால்வு வழியாகவே டேங்குக்குத் திரும்பிவிடும். 2 என்றால் நான்கு வழியும் அடைப்பு.

உங்களுடையது சாதாரண கியர் பம்பாகத்தான் இருக்கும். மோட்டார் சுற்றுகிறவரை அது நிமிடத்துக்கு 16 லிட்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நிறுத்தத் தெரியாது. வால்வு வழியை அடைத்துவிட்டால் அந்த ஆயில் எங்கே போகும்? ரிலீஃப் வால்வை முட்டித் திறந்துகொண்டுதான் போகும். அதனால்தான் வேலை எதுவும் நடக்காதபோதும் கேஜ் முள் 150இல் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

எவ்வளவு சூடு என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டரோ அதை பாரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 16 பெருக்கல் 150, வகுத்தல் 600. நான்கு கிலோவாட். வீட்டில் துணி இஸ்திரி போடுகிற பெட்டிகள் நான்கை டேங்குக்குள் போட்டு ஆன் செய்து வைத்ததற்குச் சமம். 100 லிட்டர் ஆயிலை அது நிமிடத்துக்குத் தோராயமாக ஒன்றரை டிகிரி ஏற்றும். டேங்கின் தகடு கொஞ்சம் சூட்டை வெளியே விடும், இடையிடையே பிரஸ் வேலையும் செய்யும் என்று கழித்தாலும், ஒரு மணி நேரத்தில் கை வைக்க முடியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. கரண்ட் பில்லிலும் அது இருக்கும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் மோட்டாரின் ஒரு வயரில் மாட்டிப் பாருங்கள். இப்போது சும்மா நிற்கும்போதே 9 ஆம்பியர் பக்கம் காட்டும். சரியான ஸ்பூல் போட்டபின் அதில் பாதியளவுக்கு இறங்க வேண்டும்.

ரிலீஃபைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 150ஐ 75 ஆக்கினால் சூடு பாதியாகும், உண்மைதான். டன்னும் பாதியாகும். 150 பாருக்கு 25 டன் அழுத்துகிற சிலிண்டர் 75 பாருக்குப் பன்னிரண்டரை டன்தான் அழுத்தும். நாளைக்கு ஒரு பேரிங் பாதியில் நிற்கும், உடனே யாராவது ஸ்க்ரூவை மறுபடி முறுக்குவார்கள், எத்தனை சுற்று முறுக்கினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரிலீஃப் வால்வு பாதுகாப்புக்காக இருப்பது. இன்னொரு கோளாறை மறைக்க அதைத் திருகக் கூடாது. ஏற்கெனவே திருகியிருந்தால், வால்வை மாற்றியபின் கேஜைப் பார்த்துக்கொண்டே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 வாக்கில் நம் பக்கம் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது ஒரு பட்டறையில் மில்லிங் மெஷினின் ஹைட்ராலிக் கிளாம்புக்கு வால்வு மாற்றிக் கொடுத்தேன். பழைய வால்வில் இரண்டு பக்கமும் காயில், உள்ளே ஸ்பிரிங் கிடையாது. கடைசியாக எந்தப் பக்கம் நகர்த்தினோமோ அந்தப் பக்கமே நிற்கும். அது கையில் கிடைக்கவில்லை. கிளாம்ப் பிடிப்பதும் விடுவதும்தானே வேலை என்று, ஒரே காயிலும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வைப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் கட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. காயில் விட்டதும் ஸ்பிரிங் ஸ்பூலைத் தள்ளியது, பிரஷரைச் சேர்த்துவைக்கிற அக்குமுலேட்டரில் மிச்சமிருந்த பிரஷர் கிளாம்பைத் திறந்துவிட்டது. கட்டர் இன்னும் நிற்கவில்லை. கிளாம்ப் பிடித்திருந்த ஜாப் எகிறிப் போய்ச் சுவரில் அடித்தது. ஆபரேட்டர் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தார். கரண்ட் போனால் இந்த வால்வு எங்கே போய் நிற்கும் என்று மாட்டுவதற்கு முன் நான் என்னையே கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த வால்வைக் கையில் எடுத்தாலும் அதுதான் என் முதல் கேள்வி. சைஸ், வோல்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்களும் கடையில் அப்படியே கேளுங்கள். ‘01 சைஸ், 3சி60’ என்று முழு நம்பரையும் சொல்லுங்கள், முடிந்தால் பழைய வால்வையே கையோடு கொண்டுபோங்கள். அதே கம்பெனியில் கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். இந்த அடிப்பாகம் ஐஎஸ்ஓ 4401 என்ற உலகப் பொது அளவில் இருப்பது. கடைகளில் என்ஜி6 என்பார்கள், சீடாப் 3 என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். இதற்கு அடுத்த பெரிய சைஸ் என்ஜி10. உங்கள் வால்வில் எம்5 போல்ட் நான்கு, பெரியதில் எம்6 நான்கு. ஆனால் ஸ்பூலைக் குறிக்கிற எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் டிஎஸ்ஜி வால்வைச் செய்கிற யூக்கன் கம்பெனியில் 60 என்பது ரெக்ஸ்ராத்தில் ஜி, விக்கர்ஸில் 8. யூக்கனில் 2 என்பது ரெக்ஸ்ராத்தில் இ. விக்கர்ஸில் அதுவும் 2தான், ஆனால் எல்லா எண்ணும் இப்படி ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் வால்வின் பெயர்த்தகட்டில் மூன்று கட்டமாகப் போட்டிருக்கிற படத்தைப் பாருங்கள். நடுக் கட்டத்தில் பம்ப் வழியும் டேங்க் வழியும் ஒரு கோட்டால் சேர்ந்திருக்க வேண்டும், மற்ற இரண்டும் குட்டையாக அடைத்து நிற்க வேண்டும். எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் படம் பொய் சொல்லாது.

படம் அழிந்த பழைய வால்வு, ரீகண்டிஷன் செய்த வால்வு என்றால் படத்தையும் நம்ப முடியாது. உள்ளே ஸ்பூலை மாற்றிப் போட்டுவிட்டுத் தகட்டை அப்படியே விட்டிருப்பார்கள். அப்போது நான் செய்வது இதுதான். வால்வைத் தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ள நான்கு ஓட்டைகளையும் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, ஒரு சின்ன டியூபைப் பம்ப் வழி ஓட்டையில் அழுத்திப் பிடித்து, ஏர் கன்னில் காற்றை மெதுவாக விடுவேன். காற்று டேங்க் ஓட்டை வழியாகத் தாராளமாக வந்தால், மற்ற இரண்டில் விரல் வைத்தாலும் லேசான கசிவுக்கு மேல் இல்லை என்றால், அது 60. எதிலும் வரவில்லை என்றால் 2. மூன்றிலும் வந்தால் எல்லா வழியும் திறந்த ஸ்பூல். பம்ப் வழியில் வராமல், சிலிண்டர் ஓட்டையில் விட்ட காற்று இன்னொரு சிலிண்டர் ஓட்டையிலும் டேங்க் ஓட்டையிலும் வந்தால், யூக்கன் நம்பரில் அது 4. கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற சோதனை. கடைக்காரர் சிரித்தாலும் செய்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் துளி தெறிக்கும்.

அப்படியே இரண்டு முனையிலும் நடுவில் உள்ள சின்னப் பின்னை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். ஸ்பூல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், விட்டதும் ஸ்பிரிங் டக்கென்று திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் மணல் நெருடுவது போல இருந்தாலோ, திரும்பி வர யோசித்தாலோ வேண்டாம். அடிப்பக்கத்து முகத்தில், ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்குப் போகிற கீறல் இருந்தாலும் வேண்டாம். ஓ-ரிங் அந்தக் கீறலை அடைக்காது.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்பதையும் பாருங்கள். இதில் பலர் பம்பின் அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 150 பாரில் 25 டன் என்றால் உங்கள் சிலிண்டர் 150 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) அளவில் இருக்கும். அதில் ராடு 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேம் ஏறும்போது பம்ப் அடிப்பக்கம் 16 லிட்டர் கொடுக்க, மேல்பக்கத்திலிருந்து வால்வு வழியாகத் திரும்புவது 29 லிட்டர் பக்கம் வரும். ராடு அடைத்திருக்கிற இடம் அங்கே இல்லையே. வால்வு அந்த 29க்குத் தாங்க வேண்டும். 60 வகை ஸ்பூலில் ஆயில் போகிற வழி மற்றவற்றைவிடச் சற்று இடுக்கமானது என்பதால் கேட்லாக்கில் அதற்கென்று தனியாகக் கொடுத்திருக்கிற அளவைப் பாருங்கள். உங்கள் அளவுக்கு 01 சைஸ் போதும், பெரியது தேவையில்லை.

இனி எரிந்த காயில். உண்மையைச் சொன்னால் உங்கள் பழைய வால்வு கெட்டுப்போனது என்பதே எனக்குச் சந்தேகம். எரிந்தது காயில்தான், வால்வு இல்லை. ஏ240 என்றால் நேரடியாக ஏசி கரண்டில் ஓடுகிற காயில். இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் கொடுத்த கணத்தில் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும், உள்ளே இருக்கிற இரும்பு முழுதாக நகர்ந்து உட்கார்ந்தபின்தான் அது குறையும். ஸ்பூல் எங்காவது மாட்டிக்கொண்டு அந்த இரும்பு கடைசிவரை போகவில்லை என்றால், அந்தப் பல மடங்கு கரண்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் புகை வரும். டிசி காயில் இப்படி எரியாது. அதில் ஸ்பூல் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் ஆம்பியர் ஒன்றுதான்.

மூன்று முறையும் ஒரே பக்கம் எரிந்தது என்கிறீர்கள், அதுதான் முக்கியமான தடயம். பழைய வால்வை எடுத்து அந்தப் பக்கத்துப் பின்னை அழுத்திப் பாருங்கள். நெருடினால் அழுக்கு அல்லது ஸ்பூலில் கீறல். நெருடவில்லை என்றால் வயரிங்கைச் சந்தேகப்படுவேன். ஏறும் பட்டனையும் இறங்கும் பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு காயிலுக்கும் கரண்ட் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பாருங்கள். போனால் இரண்டும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டு ஸ்பூலை நடுவில் நிறுத்திவிடும், ஏதோ ஒன்று எரியும். ஒரு ரிலே ஆன் ஆனால் மற்றது வர முடியாதபடி இன்டர்லாக் போடுவது பெரிய செலவு இல்லை. இறக்குகிற ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு விட மறுத்தாலும் இதே கதைதான் நடக்கும், அப்போது ஏற்றுகிற காயில் தோற்றுப் போகும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி பார்க்கிறேன். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது. ஸ்பூலுக்கும் அது ஓடுகிற துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு போல. நான்கு ஆலன் போல்ட்டில் ஒன்றை மட்டும் பைப் போட்டு இறுக்கினால் வால்வு உடம்பே லேசாக முறுக்கிக்கொண்டு ஸ்பூலைக் கவ்வும். எம்5 போல்ட்டுக்கு 7 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். கேட்லாக்கில் சரியான அளவு இருக்கும். டார்க் ரென்ச் இல்லை என்றால் சின்ன ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தடவையில் இறுக்குங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ரெக்டிஃபையர் உள்ள காயிலைக் கேளுங்கள். வெளியே 230 வோல்ட் ஏசிதான் கொடுப்பீர்கள், உள்ளே டிசியாக மாறி ஓடும். வயரிங் மாற்ற வேண்டியதில்லை. சில கம்பெனிகளில் ரெக்டிஃபையர் பிளக்குக்குள் இருக்கும், காயில் மேல் ‘205 வோல்ட் டிசி’ என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து, தப்பான காயில் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம். 230 ஏசி அந்த பிளக்கைத் தாண்டும்போது ஏறக்குறைய 205 டிசியாக வரும், அது சரியான ஜோடி. ஆனால் அந்தக் காயிலில் ரெக்டிஃபையர் இல்லாத சாதாரண பிளக்கை மாட்டி ஏசி கொடுத்தால் வேலை செய்யாது. பிளக்கும் காயிலும் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயிலைச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏசி காயிலை வால்விலிருந்து கழற்றி, டேபிள்மேல் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே இரும்பு இல்லாமல் ஓடினால் நல்ல காயிலும் எரிந்துவிடும். உங்கள் மூன்றில் ஒன்றாவது அப்படிப் போயிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாட்டும் முறைக்கு வருவோம். முதல் வேலை, ரேமுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை அல்லது இரும்புக் கட்டை வைத்து, ரேமை அதன்மேல் இறக்கி உட்கார வையுங்கள். அப்புறம் மோட்டாரை நிறுத்தி, மெயின் ஸ்விட்சை இறக்கி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, வால்வின் இரண்டு பக்கத்துப் பின்னையும் ஒருமுறை அழுத்தி மிச்சப் பிரஷரை விடுங்கள். கட்டை வைக்காமல் வால்வைக் கழற்றினால் ரேமைப் பிடித்துவைக்க எதுவுமே இருக்காது. 25 டன் பிரஸ்ஸின் ரேம் சும்மா தன் கனத்திலேயே கையை நசுக்கப் போதுமானது.

இப்போது மாட்டியிருக்கிற வால்வு கழன்று வந்ததும் அது உட்கார்ந்திருந்த பிளேட்டைத் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். அந்த ஒரு நூல் ஸ்பூலுக்குள் போனால் நாலாவது காயில் எரியும். நூல் விடாத துணி போதும். ஓ-ரிங் நான்கும் புதியதாக இருக்கட்டும், இந்த சைஸுக்கு 9.25 பெருக்கல் 1.78 மில்லிமீட்டர். ஆயில் தடவி அதன் குழியில் உட்கார வைத்து, வால்வைத் திருப்பும்போது ஒன்றும் விழவில்லை என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். நான்கு போல்ட் ஓட்டையும் சரிசமமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் விலகியிருக்கும். ஓட்டை சேரவில்லை என்றால் ராவிப் பெரிதாக்க வேண்டாம், வால்வைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படித் திருப்பி மாட்டினால் பம்ப் வழி வர வேண்டிய இடத்தில் டேங்க் வழி வந்துவிடும், அது ஆபத்து.

மோட்டாரை ஆன் செய்தவுடன் எந்தப் பட்டனையும் தொடாமல் கேஜைப் பாருங்கள். முள் கீழேயே, சில பாரில் நிற்க வேண்டும். 150க்கு ஏறினால் உடனே நிறுத்துங்கள், ஸ்பூல் இன்னும் தப்பு. கீழே நின்றால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பட்டனும் ரேமும் எதிர்மாறாக இருந்தால் இரண்டு காயிலின் பிளக்கையும் மாற்றிப் போடுங்கள். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே வேண்டாம். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையே போகலாம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். யாருக்காவது அப்படி ஆகிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 60 ஸ்பூலில் சிலிண்டர் வழி அடைத்திருந்தாலும், இரவில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் ரேம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது கோளாறு இல்லை. அந்தச் சில மைக்ரான் இடைவெளியில் ஆயில் மெல்லக் கசியத்தான் செய்யும், ஸ்பூல் வால்வு பூட்டு ஆகாது. கட்டை வைத்துவிட்டுப் போவதே போதும். ரேம் அசையாமல் நிற்க வேண்டும் என்று பின்னால் பைலட் செக் வால்வு (பைலட் லைனில் பிரஷர் வந்தால் மட்டும் ஆயிலைத் திரும்ப விடுகிற வால்வு) போட நினைத்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது 60ஐயும் மாற்ற வேண்டியிருக்கும். சிலிண்டர் வழி அடைத்திருந்தால் பைலட் லைனில் பிரஷர் மாட்டிக்கொண்டு செக் வால்வு சரியாக மூடாது. உங்கள் பம்புக்கு நான்கு வழியும் திறந்த ஸ்பூல்தான் அப்போது சரிவரும்.

கடைசியாக ஆயில். இரண்டு வாரம் கொதித்திருக்கிறது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, புது ஆயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் முழுதாக மாற்றுங்கள், டேங்கின் அடியையும் துடைத்துவிடுங்கள். நிறம் லேசாக மட்டும் மாறியிருந்தால் ரிட்டர்ன் ஃபில்டரை மட்டும் புதிதாகப் போட்டு ஓட்டலாம். பிறகு டேங்கில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, ஒரு முழு ஷிப்ட் ஓட்டி, மணிக்கு ஒருமுறை எழுதி வாருங்கள். 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால், ரேம் சும்மா நிற்கும்போது கேஜ் எத்தனை காட்டுகிறது, அழுத்தும்போது எத்தனை, ஏறும்போது எத்தனை என்று மூன்றையும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.